புது டிஸ்க்கில் பழுதில்லை: 199ஆம் இலக்கம் காட்டிக்கொடுத்த கேபிள்

பழைய லப்டொப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் தரவு வைக்கும் எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு அது அடிக்கடி ஸ்டக் ஆனால், முதல் பழி புது டிஸ்க்கின் மேல் விழும். அடுத்த பழி விண்டோஸுக்கு. இரண்டையும் மாற்றிப் பார்த்தும் சரிவராவிட்டால், "லப்டொப் பழசு, ஒத்துவராது" என்று கதை முடிந்துவிடும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் நடக்கும் தவறுகளை டிஸ்க்கே எண்ணி வைத்துக்கொள்கிறது. இது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. 199ஆம் இலக்கத்தில் இருக்கும் அந்த எண்ணிக்கையை வைத்துப் பழுதைப் பிடித்த ஒரு வேலையை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

லப்டொப்பின் வரலாறு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கும் ஒரு டீச்சரின் லப்டொப் இது. உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறார். 2012இல் வந்த மொடல், 15.6 அங்குலத் திரை, இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, எச்.எம்.76 சிப்செட், 8 ஜி.பி. ரேம், விண்டோஸ் 10. வாங்கும்போது உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்.

2020இல் வகுப்புகள் ஒன்லைனுக்குப் போனபோது இதுதான் அவருக்குக் கைகொடுத்தது. 2022இல் புது லப்டொப்பின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதால் இதையே தொடர்ந்து ஓட்டினார். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. பற்றரி செத்துப்போன லப்டொப் என்பதால் கரண்ட் போன கணமே அணைந்துவிடும். அந்தக் காலத்தின் தழும்பு, ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே இலக்கமிட்ட வரிகளில் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவிலேயே இருந்தது. 192ஆம் இலக்கம், மின் திடீரெனப் போனதால் வாசிக்கும் தலையை அவசரமாகப் பின்னிழுத்த தடவைகளை எண்ணுவது. அது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வாசிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களை, அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகளை, எண்ணும் 197ஆம் இலக்கம் 16 என்று காட்டியது.

விண்டோஸ் திறக்கவே ஐந்தாறு நிமிடம் எடுக்கத் தொடங்கியதும், டீச்சர் ஒரு கடையில் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கி, அங்கேயே பூட்டி, பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து எடுத்திருக்கிறார். அன்று நன்றாகத்தான் இருந்ததாம். அரை நிமிடத்துக்குள் திறந்தது. ஆனால் வீட்டில் போய் வகுப்பு வீடியோ ஒன்றைப் பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணும்போது நடுவில் நின்றுவிட்டது. மவுஸ் அசைகிறது, எதை அமத்தினாலும் திறக்கவில்லை. டிஸ்க் லைட் விடாமல் எரிகிறது. அரை நிமிடம் போனதும் ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

கடைக்காரர் நேர்மையாகவே நடந்திருக்கிறார். உத்தரவாதத்தில் டிஸ்க்கை மாற்றி, வேறொன்றைப் பூட்டிக் கொடுத்தார். அதிலும் அதே பழுது. பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடலாம் என்றார். அதற்கு டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் நியாயமானது. அவருடைய பழைய வினாத்தாள்கள் அத்தனையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். எழுத்துருவைத் திரும்பப் போடுவது பெரிய வேலையல்ல. ஆனால் அதோடு பழைய கணக்கு மென்பொருள் ஒன்றும், பிரிண்டரின் அமைப்புகளும், இன்னும் பலதும் சேர்ந்து இருக்கின்றன. பரீட்சைக்கு நெருக்கத்தில் அதையெல்லாம் கலைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

"தம்பி, இதுக்கு எஸ்.எஸ்.டி. ஒத்துவராது எண்டு சொல்லிட்டினம். பழைய டிஸ்க்கையே திருப்பிப் போட்டுத் தாரீங்களா?" என்றுதான் என்னிடம் கொண்டுவந்தார்.

"பழசைப் போட்டால் இன்னும் கொஞ்ச நாளில் அது முழுதாகவே போயிரும் டீச்சர். விட்டுட்டுப் போங்கோ, பார்க்கிறன்" என்றேன்.

இரண்டு வேறு டிஸ்க்குகளில் ஒரே பழுது. டிஸ்க்கைக் குற்றம் சாட்டுவதற்கு அங்கேயே இடமில்லாமல் போய்விட்டது. மிஞ்சியவை விண்டோஸ், மின்சேமிப்பு அமைப்பு, பயோஸ், இணைப்புப் பாதை.

முதலில் நகல், அப்புறம் சோதனை

எந்தச் சோதனைக்கும் முன் தரவுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, என் மேசைக் கணினியில், டிஸ்க்குகளை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா போர்ட்டில் நேரடியாகக் கொடுத்தேன். யூ.எஸ்.பி. அடப்டர் வேண்டாம் என்று வேண்டுமென்றே விட்டேன். அடப்டருக்குள் இருக்கும் சிப் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதால், சில அடப்டர்கள் ஸ்மார்ட் பதிவையே காட்டாது.

ஸ்மார்ட் பதிவைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தேன். ஆரோக்கியம் 100 வீதம். மேலோட்டமாகப் பார்ப்பவர் அந்த நீலப் பெட்டியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். கீழே இறங்கி சி7 என்ற வரியைப் பார்க்க வேண்டும். பதின்ம எண்ணில் அதுதான் 199. அல்ட்ரா டி.எம்.ஏ. சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை என்பது அதன் பெயர். இந்த மென்பொருள் மூல மதிப்பை வழக்கமாக 16 அடிமான எண்ணில்தான் காட்டும். இங்கே கடைசியில் "இ4" என்று நின்றது, அதாவது 228. அமைப்பில் ரோ வேல்யூஸ் என்பதை 10 அடிமானத்துக்கு மாற்றிவிட்டால் இந்தக் கணக்கு வேண்டியதில்லை. எல்லா எஸ்.எஸ்.டி.யும் இந்த இலக்கத்தைத் தருவதில்லை. வாங்கும்போது இதையும் பார்த்து வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

சாட்டா பாதையில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் 32 பிட் அளவுள்ள ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்து போகும். பெறுபவர் அதைத் தானே மறுபடி கணித்துப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் பொட்டலம் வழியில் கெட்டுவிட்டது என்று அர்த்தம். திருப்பி அனுப்பச் சொல்வார். அப்படிக் கெட்டவற்றின் எண்ணிக்கையே 199. டிஸ்க்கின் உள்ளே நினைவகச் சிப் பழுதானால் இந்த இலக்கம் ஏறாது, வேறு இலக்கங்கள் ஏறும். பெரும்பாலும் கேபிள், கனெக்டர், போர்ட் ஆகியவற்றில் கோளாறு இருந்தால்தான் இது ஏறும். மாற்றிக் கொடுத்து அதிக காலம் ஆகாத டிஸ்க்கில் 228 என்பது சும்மா வந்த எண்ணல்ல.

இன்னொன்று. இந்த இலக்கம் ஒருபோதும் குறையாது. பழுதைச் சரிசெய்தாலும் பூச்சியத்துக்குத் திரும்பாது. ஆகவே எவ்வளவு என்பதைவிட, ஏறுகிறதா நிற்கிறதா என்பதுதான் கேள்வி. குறித்துவைத்து, சுமை கொடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். இனி வரும் சோதனைகள் எல்லாவற்றிலும் நான் செய்தது இதைத்தான்.

மேசைக் கணினியில் எஸ்.எஸ்.டி. முழுவதையும் ஓரத்திலிருந்து ஓரம் வாசித்து வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முடிவில் பார்த்தால் 228 அப்படியே 228. நகல் எடுத்த வேலையே முதல் சோதனையாகவும் அமைந்துவிட்டது: நல்ல பாதையில் இந்த டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை.

லப்டொப்பில் திரும்பப் பூட்டி

லப்டொப்பில் பூட்டி, 20 ஜி.பி. அளவுள்ள வகுப்பு வீடியோ ஃபோல்டரை அதே டிஸ்க்கில் இன்னொரு இடத்துக்குக் கொப்பி செய்யவிட்டேன். டீச்சர் சொன்னது அச்சொட்டாக நடந்தது. டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதம் என்று சிவந்து நிற்கிறது. ஆனால் வாசிக்கும் வேகம் 0, எழுதும் வேகம் 0. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். 100 வீதத்தோடு வேகமும் ஓடினால் டிஸ்க் உண்மையிலேயே வேலை செய்கிறது. 100 வீதத்தோடு வேகம் 0 என்றால், விண்டோஸ் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்தால் இரண்டு இலக்கங்கள் மாறிமாறி வரிசைகட்டி நின்றன. 129, சாட்டா இணைப்பைக் கவனிக்கும் விண்டோஸின் ஸ்டோர்ஏ.எச்.சி.ஐ. டிரைவரிடமிருந்து: சாதனத்துக்கு ரீசெட் கொடுத்ததாக. 153, டிஸ்க்கிடமிருந்து: வாசிக்கும், எழுதும் வேலையை மறுபடி முயன்றதாக. ஒவ்வொரு ஸ்டக்குக்கும் ஒரு 129, அதே நேரத்தில். கொப்பி முடிந்ததும் 199ஐப் பார்த்தேன். 305.

இந்த இடத்தில் கேபிள்தான் என்று முடிவெடுத்துவிட ஆசை வரும். ஆனால் 129 வருவதற்கு மிகப் பொதுவான இன்னொரு காரணமும் உண்டு: இணைப்பின் மின்சேமிப்பு. டிஸ்க் சும்மா இருக்கும்போது லப்டொப் சாட்டா இணைப்பை அரைத்தூக்கத்துக்கு அனுப்பும். சில டிஸ்க்கும் சில பழைய சிப்செட்டும் சேரும்போது அந்தத் தூக்கத்திலிருந்து எழும்புவதில் இழுபறி வந்து ஸ்டக் ஆகும். பழைய லப்டொப்களில் எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு வரும் ஸ்டக்குகளில் கணிசமானவை இந்த வகைதான். அவற்றுக்குக் கேபிள் மாற்றினால் காசுதான் வீண்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. மின்சேமிப்புக் கோளாறு பெரும்பாலும் சும்மா இருக்கும் நேரத்தில், அல்லது சும்மா இருந்துவிட்டு எதையாவது திறக்கும் நேரத்தில் வரும். பாதைக் கோளாறு சுமை ஏறும்போது வரும். டீச்சருடையது சுமையில்தான் வந்தது. ஆனாலும் ஊகத்தில் விடக்கூடாது. விண்டோஸின் பவர் அமைப்புகளுக்குள் ஏ.எச்.சி.ஐ. லிங்க் பவர் மனேஜ்மென்ட் என்ற ஒரு தெரிவு இருக்கிறது. வழக்கமாக மறைந்திருக்கும், பவர்சி.எஃப்.ஜி. கட்டளையால் வெளியே கொண்டுவரலாம். அதை அக்டிவ் என்று வைத்தால் இணைப்பு தூங்கவே தூங்காது. வைத்துவிட்டு அதே ஃபோல்டரை மறுபடி கொப்பி செய்தேன். அதே ஸ்டக். 199 இப்போது 362. மின்சேமிப்பு காரணமில்லை.

லினக்ஸ் சொன்ன சாட்சி

விண்டோஸையும் அதன் டிரைவர்களையும் முழுதாக விலக்கிப் பார்க்க, லைவ் லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவிலிருந்து ஏற்றினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவு இந்த விஷயத்தில் விண்டோஸைவிட எவ்வளவோ வாய்திறந்து பேசும். தொடக்கத்தில் சாட்டா இணைப்பு வினாடிக்கு 6.0 கிகாபிட் வேகத்தில் எழுந்ததாக ஒரு வரி. டிஸ்க்கை முழுதாக வாசிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வாசிப்புக் கட்டளை தோற்றதாக, பாதையில் சி.ஆர்.சி. பிழை என்ற குறிப்போடு ஒரு கூட்டம் வரிகள். இணைப்பை ரீசெட் செய்கிறேன் என்று இன்னொன்று. மறுபடி 6.0. மறுபடி பிழை. இப்படிச் சில தடவை நடந்த பிறகு கெர்னல் தானாகவே ஒரு முடிவெடுத்தது: இணைப்பு வேகத்தை 3.0 கிகாபிட்டுக்குக் குறைக்கிறேன் என்று எழுதிவிட்டு, குறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு பிழை வரியும் இல்லை. டிஸ்க்கின் மிச்சம் முழுவதும் ஒரே சீராக வாசிக்கப்பட்டது.

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. 199 அப்போது 391. மறுபடி ஏற்றும்போது, தொடக்கத்திலேயே 3.0க்கு மேல் போகாதே என்று, லினக்ஸில் சாட்டாவைக் கவனிக்கும் லிப்அட்டாவுக்குக் கட்டளை கொடுத்து, டிஸ்க் முழுவதையும் முதலிலிருந்து வாசித்தேன். வினாடிக்கு 270 எம்.பி. அளவில் அரை மணித்தியாலம் ஓடியது. முடிவில் 391. ஒன்றுகூட ஏறவில்லை.

அதே டிஸ்க், அதே கேபிள், அதே போர்ட். 6 கிகாபிட்டில் தடுமாறுகிறது, 3 கிகாபிட்டில் தடுமாறவில்லை. டீச்சர் கேட்ட ஒரு நல்ல கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. "பழைய டிஸ்க் இத்தனை வருஷம் இதே வயரிலதானே ஓடினது தம்பி?" என்று கேட்டார். ஓடியதுதான். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை மேசைக் கணினியில் போட்டுப் பார்த்தால் அதன் இணைப்பு வகை சாட்டா 300, அதாவது 3 கிகாபிட். இந்தப் பாதையில் 6 கிகாபிட் என்ற வேகம் அதுவரை ஓடியதே இல்லை. அதன் 199ஆம் இலக்கம் பூச்சியம். காலி வீதியில் நாற்பதில் போகும்போது தெரியாத சில்லு ஆட்டம், தெற்கு அதிவேகப் பாதையில் நூறைத் தொடும்போது ஸ்டியரிங்கில் தெரியுமே, அப்படித்தான். எச்.எம்.76 சிப்செட் 6 கிகாபிட் தரக்கூடியது, எஸ்.எஸ்.டி.யும் அதைக் கேட்டது, இரண்டும் ஒத்துக்கொண்டன. நடுவில் இருந்த பாதையால்தான் முடியவில்லை.

டி.வி.டி. இருந்த இடத்தில்

பாதைதான் என்று தெரிந்த பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சும்: கேபிளா, மதர்போர்டா? மதர்போர்டு என்றால் செலவே வேறு. இந்த லப்டொப்பில் டி.வி.டி. டிரைவ் இருந்தது. அதைக் கழற்றி, அந்த இடத்தில் 12.7 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு கடி (டி.வி.டி. இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) வழியாக எஸ்.எஸ்.டி.யைப் பூட்டினேன். கடி வாங்கும்போது தடிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்; மெல்லிய லப்டொப்களுக்கு 9.5 மில்லிமீற்றர் வரும். பயோஸில் பூட் வரிசையை மாற்றியதும் விண்டோஸ் அங்கிருந்தே திறந்தது. எல்லா லப்டொப்பும் அப்படி இடம்கொடுக்காது.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் இணைப்பு வகை சாட்டா 300, சாட்டா 600 என்று இரண்டாகக் காட்டியது. முதலாவது இப்போது ஓடும் வேகம், இரண்டாவது டிஸ்க்கால் முடிந்த வேகம். வழக்கமாக டி.வி.டி. இருக்கும் போர்ட் 3 கிகாபிட்தான். வீடியோ ஃபோல்டரைக் கொப்பி செய்தேன். ஒரு தடவையும் நிற்கவில்லை. 199 அதே 391. ஆனால் இது 3 கிகாபிட் போர்ட் என்பதால், மதர்போர்டின் 6 கிகாபிட் போர்ட் நல்லதா என்பதை இது சொல்லாது; அதற்குக் கேபிளை மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

பழைய லப்டொப் பார்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த டி.வி.டி. இடத்துச் சோதனை 2011 தொடக்கத்தில் வந்த லப்டொப்களில் ஆளை ஏமாற்றக்கூடும். 2011 ஜனவரி 31ஆம் திகதி இன்டெல் தன் 6 தொடர் சிப்செட்டில் ஒரு வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்தது. காலம் போகப்போக 3 கிகாபிட் போர்ட்களின் தரம் குறையக்கூடும் என்பதுதான் அது. 6 கிகாபிட் போர்ட் இரண்டுக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. திருத்திய சிப்செட் பிறகு வந்தது. திருத்தாத சிப் உள்ள லப்டொப் கையில் கிடைத்தால் நிலைமை தலைகீழ்: ஹார்ட் டிஸ்க் இடம் நல்லதாகவும் டி.வி.டி. இடம் கெட்டதாகவும் இருக்கக்கூடும். டீச்சருடையது 7 தொடர் என்பதால் இந்தக் கவலை இல்லை.

டீச்சருக்கு அடுத்த நாள் வகுப்பு. எஸ்.எஸ்.டி.யை டி.வி.டி. இடத்திலேயே விட்டுக் கொடுத்தேன். சொல்லப்போனால், அன்றாட வேலைக்கு அதிலேயே விட்டாலும் குறையில்லை. விண்டோஸ் திறப்பதும் வேர்ட் திறப்பதும் சிறுசிறு துண்டுகளை அங்குமிங்கும் வாசிக்கும் வேலை. அதில் 3 கிகாபிட்டுக்கும் 6 கிகாபிட்டுக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெரிய வீடியோ கொப்பியில்தான் தெரியும். கையில் காசு இல்லாதவருக்கு, அல்லது கேபிள் எங்கும் கிடைக்காத மொடலுக்கு, இது நல்ல நிரந்தரத் தீர்வு என்றே சொல்வேன். டீச்சருக்கு மாணவர்கள் கொண்டுவரும் சீ.டி.க்கள் இன்னும் இடைக்கிடை தேவைப்படுவதால் டி.வி.டி. டிரைவ் வேண்டும் என்றார். ஆகவே கேபிளைத் தேடினோம்.

கேபிளைக் கையில் எடுத்தபோது

சில லப்டொப்களில் டிஸ்க் நேரே மதர்போர்டில் குத்தும். இதில் அப்படியில்லை. டிஸ்க் முனையில் சாட்டா கனெக்டர், அதிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு தட்டை நாடா, மறுமுனை மதர்போர்டில். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் வடிவாகப் பார்த்தேன். நாடா திரும்பும் வளைவில் ஒரு கூர்மையான மடிப்பு. டிஸ்க்கைக் கழற்றிப் பூட்டும்போது இழுபட்டிருக்கலாம். கனெக்டரில் பொன்முலாம் பூசிய ஊசிகள் வரிசையில் தரவு போகும் பக்கத்து ஊசிகள் சாடையாக மங்கி, ஒன்றின் ஓரத்தில் பச்சைப் புள்ளி. மின் போகும் பக்கத்து ஊசிகள் பளிச்சென்று இருந்தன.

அந்த வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பிக்கு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் துருப்பிடித்து உதிரும் இடம். உப்புக் காற்று லப்டொப்பின் காற்றோட்ட ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகிறது. ஃபானே அதை இழுத்து உள்ளே விடுகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைக் கடற்கரைப் பக்கத்து லப்டொப்களைத் திறந்தால் கனெக்டர்களில் இந்தப் பச்சையை அடிக்கடி காண்கிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள், லப்டொப்பைக் கடலைப் பார்த்த ஜன்னலின் கீழ் இரவு முழுக்க வைக்காமல், வேலை முடிந்ததும் பையில் போட்டு வைத்தாலே பெரிய உதவி.

ஐசோபுரொப்பைல் அல்ககோலும் மெல்லிய தூரிகையும் கொண்டு கனெக்டரைத் துடைத்துக் காயவிட்டு, எஸ்.எஸ்.டி.யை மறுபடி ஹார்ட் டிஸ்க் இடத்தில் பூட்டிப் பார்த்தேன். நிறையத் தேறியது. வீடியோ ஃபோல்டர் நிற்காமல் போனது. ஆனால் டிஸ்க் முழுவதையும் வாசித்து முடிக்கும்போது 199 391இலிருந்து 396 ஆகியிருந்தது. ஸ்டக் தெரியவில்லை, பிழை இருக்கிறது. இந்த நிலையில் திருப்பிக் கொடுத்தால் சில மாதங்களில் மறுபடி வரும். மடிப்பு விழுந்த நாடாவைத் துடைத்துச் சரிக்கட்ட முடியாது.

கேபிள் தேடும்போது லப்டொப்பின் பெயரைச் சொல்லித் தேடுவதில் பயனில்லை. ஒரே பெயரில் வந்த லப்டொப்களுக்குள்ளேயே இரண்டு மூன்று வகை மதர்போர்டு இருக்கும், கேபிளின் நீளமும் முனையும் மாறும். நாடாவின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பாகஇலக்கத்தைக் கொண்டுதான் தேட வேண்டும். புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் விசாரித்தேன். கழற்றிய லப்டொப் ஒன்றிலிருந்து அதே கேபிள் தரலாம் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அதுவும் இதே வயதுதான், எந்தக் கரையோர வீட்டில் இருந்ததோ தெரியாது. பாகஇலக்கத்தைக் கொடுத்து ஒன்லைனில் புதிது வரவழைத்தேன். அதன் விலை எஸ்.எஸ்.டி.யின் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

புதுக் கேபிளைப் பூட்டும்போது பழைய தடத்திலேயே வளைவைக் கொடுத்தேன், ஆனால் நகத்தால் அழுத்தி மடிக்கவில்லை. அந்த வளைவு உருண்டையாகவே இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீற்றர் தடிப்பு, பழைய ஹார்ட் டிஸ்க் 9.5. இடைவெளிக்கு அட்டை வைக்காமல் விட்டால், லப்டொப்பைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் டிஸ்க் கனெக்டரில் சாடையாக ஆடும். எஸ்.எஸ்.டி.யோடு பெட்டியில் வரும் அந்தக் கறுப்புச் சட்டத்தைப் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இங்கேயும் அது இருக்கவில்லை. அதே தடிப்பில் ஒன்று வெட்டி ஒட்டினேன்.

இணைப்பு சாட்டா 600. டிஸ்க் முழுவதையும் வாசித்தேன், வினாடிக்கு 520 எம்.பி. அளவில். 199: 396. லினக்ஸிலும் அதையே செய்தேன், 6.0இல் எழுந்து 6.0இலேயே நின்றது. 396. டீச்சரின் வீடியோ ஃபோல்டரையும் முன்போலவே கொப்பி செய்தேன். 396.

ஸ்டக் விட்டுச்சென்ற காயங்கள்

பாதை சரியானதும் வேலை முடியவில்லை. சி.ஆர்.சி. பிழை வந்த பொட்டலம் திருப்பி அனுப்பப்படுவதால், அந்தப் பிழையாலேயே ஃபைல் கெடுவது அரிது. ஆனால் ஸ்டக் ஆகும்போது டீச்சர் பொறுமையிழந்து பவர் பட்டனை அமத்திப் பிடித்து அணைத்திருக்கிறார். அதனால் ஃபைல் அமைப்பில் சில இடறல்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பான செக்டிஸ்க் ஓட்டியதும் அவை சரியாகின. பிறகு எஸ்.எஃப்.சி. ஓட்டி விண்டோஸின் சொந்த ஃபைல்களையும் சரிபார்த்தேன்.

இன்னொன்று குளோனைப் பற்றியது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் வாசிக்க முடியாத 16 செக்டர்கள் இருந்தன அல்லவா? குளோன் செய்யும் மென்பொருள் அவற்றைத் தாண்டிப் போயிருக்கும், அங்கே வெற்றிடம் விழுந்திருக்கும், எந்த ஃபைல் என்று யாருக்கும் தெரியாது. பழைய டிஸ்க்கை, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவு மீட்கும் டிடிரெஸ்கியூ என்ற கருவியால் வாசித்தேன். முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்கு விட்டு, மறுதிசையிலிருந்தும் முயன்று பார்க்கும். கடைசிவரை வராத இடங்களின் வரைபடத்தையும் எழுதித் தரும். அந்த இலக்கங்களை என்.டி.எஃப்.எஸ். கிளஸ்டர் என்ற கருவியில் கொடுத்தால் எந்த ஃபைலுக்குரியது என்று சொல்லிவிடும். மிஞ்சியவை இரண்டு இடங்கள். ஒன்றில் எந்த ஃபைலும் இல்லை. மற்றது ஒரு மாதிரி வினாத்தாளின் வேர்ட் ஃபைல். டீச்சரிடம் சொன்னதும், அச்சடித்த பிரதி அலுமாரியில் இருக்கிறது, திரும்ப அடித்துக்கொள்கிறேன் என்றார். பரீட்சைக்கு முந்தின இரவு திறந்து பார்த்து அதிர்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அழித்த ஃபைல்களின் இடங்களை எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கும் ட்ரிம் இயக்கத்தில் இருக்கிறதா என்று எஃப்.எஸ்.யூட்டில் கட்டளையால் பார்த்தேன், இருக்கிறது. குளோன் செய்த விண்டோஸ் சில வேளை எஸ்.எஸ்.டி.யையும் ஹார்ட் டிஸ்க் என்றே நினைத்து, சிதறிய ஃபைல் துண்டுகளை அடுக்கும் டிஃபிராக் செய்யப் போகும். இங்கே அப்படித்தான் இருந்தது. விண்டோஸின் வேகச் சோதனையான வின்சாட் ஃபோர்மல் ஓட்டியதும் திருந்தியது. பயோஸில் சாட்டா ஏற்கனவே எஸ்.எஸ்.டி.க்கு ஏற்ற ஏ.எச்.சி.ஐ. முறையில் இருந்ததால், அதை மாற்றும் வேலை இல்லை.

லப்டொப்பைக் கொடுக்கும்போது டீச்சர் திரையைப் பார்த்துவிட்டு, "சரியாயிட்டுது எண்டுறீங்கள், இந்த 396 இன்னும் நிக்குதே?" என்று கேட்டார். எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி லப்டொப்பின் அடியில் ஒட்டினேன். மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னேன்: 396 என்றே இருந்தால் சரி, ஏறியிருந்தால் கொண்டுவாங்கோ.

இந்த லப்டொப்பின் மற்ற எல்லையையும் சொல்லி அனுப்பினேன். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏறும். ஆகவே வங்கி வேலைகளை இதில் செய்யாமல், வினாத்தாளுக்கும் வகுப்புக்கும் இதை வைத்துக்கொள்வதென்று பேசிக்கொண்டோம். பழைய ஹார்ட் டிஸ்க்கை நகல் வைக்கப் பாவிக்கலாமா என்று கேட்டார், கூடாது என்றேன். புதிதாக ஒரு வெளி டிஸ்க் வாங்கினார். வினாத்தாள் ஃபோல்டரும் பாமினி எழுத்துருவும் இப்போது அதிலும் இருக்கின்றன.